தாம்பரத்தில் ஏறினால் உட்காரலாம்: பயண நிமிடங்களின் பாரக் கணக்கு

குரோம்பேட்டையில் ஒரு வீடு, தாம்பரத்தில் ஒரு வீடு. வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். வேலை நுங்கம்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து 6 நிமிட நடை. எதைப் பிடிப்பது? தூரத்தைப் பார்த்தாலும் கடிகாரத்தைப் பார்த்தாலும் குரோம்பேட்டைதான் ஜெயிக்கும். சென்னை பீச் போகிற லோக்கல் ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்து சானடோரியம், அதற்கடுத்து குரோம்பேட்டை. இரண்டு ஸ்டேஷன் மிச்சம். ஆனால் காலை எட்டரை மணிக்கு அந்த இரண்டு ஸ்டேஷனுக்குள் வண்டியின் நிலையே மாறிவிடும். தாம்பரத்திலேயே கிளம்புகிற வண்டியில் முன்கூட்டிப் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். குரோம்பேட்டையில் ஏறுகிறவருக்கு மேலே தொங்கும் கைப்பிடி எட்டினாலே பெரிய விஷயம்.

இந்த வித்தியாசத்தை "வசதி" என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடாமல் எண்ணாக்கிப் பார்க்க வழி இருக்கிறது. போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் எல்லா நிமிடத்தையும் ஒரே எடையில் நிறுப்பதில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடத்தை 1 என்று வைத்துக்கொள்வார்கள். காத்திருக்கும் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 வரை. நடைக்கு 1.5 முதல் 2. நெரிசலில் நின்று போனால் 1.5-இல் ஆரம்பித்து, மூச்சுமுட்டும் கூட்டத்தில் 2 வரை. இறங்கி வேறு வண்டி மாறினால், அதற்கான நடையும் காத்திருப்பும் போகத் தனியாக ஒரு 5 முதல் 10 நிமிடம். காசு கூடக் கொடுத்தோ, சுற்றிப் போயோ மக்கள் எதைத் தவிர்க்கிறார்கள் என்று பார்த்து எடுத்த எண்கள் இவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வரிசை மட்டும் அநேகமாக மாறுவதில்லை.

மேலே சொன்ன இரண்டு வீட்டுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். நடைக்கு 1.5, காத்திருப்புக்கு 2, நெரிசலில் நிற்க 2 என்று எடுத்துக்கொள்கிறேன்.

குரோம்பேட்டை: இரு பக்கமும் சேர்த்து நடை 14 நிமிடம், பிளாட்பாரத்தில் 6, வண்டியில் நின்றபடி 32. கடிகாரக் கணக்கு 52 நிமிடம். பாரக் கணக்கு 21 + 12 + 64, ஆக 97.

தாம்பரம்: நடை 16 நிமிடம், கிளம்பாமல் நிற்கும் வண்டியில் உட்கார்ந்தபடி 8, ஓட்டம் 38. கடிகாரக் கணக்கு 62 நிமிடம். பாரக் கணக்கு 24 + 8 + 38, ஆக 70.

கடிகாரப்படி பத்து நிமிடம் அதிகம். உடம்புக்கு 27 நிமிடம் குறைவு. ஆபீஸில் போய் உட்காரும்போது இரண்டு பேரின் சட்டையைப் பார்த்தாலே இந்த 27 தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் உயிர் முழுக்க அந்த ஸீட்டில் இருக்கிறது. உங்கள் நேரத்துக்கு வரும் வண்டி செங்கல்பட்டிலிருந்து வருவதாக இருந்தால், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் எல்லாம் ஏறி நிரம்பித்தான் தாம்பரம் வந்து சேரும். அப்போது பிளாட்பாரத்தில் 5 நிமிடம், பிறகு 38 நிமிடமும் நின்றபடிதான்: 24 + 10 + 76, அதாவது 110. குரோம்பேட்டையைவிட மோசம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் கிளம்பும் அரைமணிக்குள் தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிகள் எத்தனை என்று கால அட்டவணையில் பார்த்துவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைத் தவறவிடுகிற நாள்களும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைக் கணக்கு வேறு. பீச்சில் கிளம்பும் வண்டி எழும்பூர் தாண்டும்போதே நிறைந்திருக்கும். நுங்கம்பாக்கத்தில் ஏறுகிறவர் எந்த ஊருக்குப் போனாலும் நிற்க வேண்டியதுதான். அதனால் திரும்பும்போது தாம்பரத்துக்காரருக்கு 24 + 12 + 76, மொத்தம் 112; குரோம்பேட்டைக்காரருக்கு அதே 97. காலையில் 27 லாபம், மாலையில் 15 நட்டம், ஒரு நாளைக்குக் கையில் நிற்பது 12. இந்த 12-க்காக எவ்வளவு வாடகை கூடக் கொடுக்கலாம் என்பது அவரவர் பாடு. ஆனால் காலை நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஆறு மாதத்தில் அலுத்துப்போவது இந்த மாலை 15-ஆல்தான்.

குரோம்பேட்டையிலேயே இருந்துகொண்டு, எதிர்த்திசை வண்டியில் தாம்பரம் போய் அங்கே உட்கார்ந்து திரும்பி வருவது இன்னொரு வழி. மும்பை லோக்கலில் இது ஊரறிந்த பழக்கம். இங்கே போட்டுப் பார்த்தால்: வழக்கமான நடை 21, காத்திருப்பு 12, எதிர்த்திசையில் காலியான வண்டியில் 6, பிளாட்பாரம் மாறும் நடை 4.5, மாறி ஏறுவதற்கு 5, உட்கார்ந்து காத்திருப்பு 8, ஓட்டம் 38. மொத்தம் 94.5. நின்றே போவதற்கு 97. மிச்சம் இரண்டரை, கடிகாரத்தில் 23 நிமிடம் கூடுதல். முதுகுவலி உள்ளவர், கர்ப்பிணி, வண்டியில் படித்தே ஆக வேண்டியவர் ஆகியோருக்குச் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். செய்வதாக இருந்தால் சீசன் டிக்கெட்டைத் தாம்பரத்திலிருந்து எடுங்கள். குரோம்பேட்டை சீசனை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏ.சி. லோக்கல் வந்தபோது சாதாரண வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், ஏ.சி.க்கு 35. அந்த வண்டி உங்களைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக யாரும் முப்பது ரூபாய் கூடக் கொடுப்பதில்லை. நிமிடம் அதேதான், நிமிடத்தின் பாரம் குறைகிறது, அதற்குத்தான் காசு.

உட்கார்ந்துவிட்டால் அந்த 38 நிமிடமும் உங்கள் கையில் என்று நினைக்க வேண்டாம். ஏறி, பையை மடியில் வைத்து, மூச்சு வாங்கி அமர முதல் மூன்று நிமிடம் போகும். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கதவை நோக்கி நகர வேண்டும், அதில் ஐந்து. கைக்கு வருவது முப்பது. அந்த முப்பதில் என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள மகளிர் பெட்டியைப் பார்க்க வேண்டும். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்ன வெங்காயம், பக்கத்தில் தோலுக்கு ஒரு பாலித்தீன் கவர். நுனியை நகத்தால் கிள்ளி, தோலை ஒரே இழுப்பில் உரித்து, உரித்ததை டிபன் டப்பாவில் போடுகிறார்கள். கண் வெங்காயத்தில் இல்லை, பேச்சு பாட்டுக்கு ஓடுகிறது. கால் கிலோ உரித்தால் ராத்திரி சாம்பாருக்கு ஆயிற்று. வீட்டுக்குப் போய் நின்றபடி செய்ய வேண்டிய வேலை அது. பூக் கட்டுவது, கீரை ஆய்வது, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் இதே வகை: ஒரே சிறு செயல் திரும்பத் திரும்ப, எந்த நொடியிலும் நிறுத்தி மூடிவைக்கலாம், கீழே சிந்தினாலும் பெரிய நட்டமில்லை. லேப்டாப் இந்தச் சோதனையில் தோற்கும். திறக்க, மூட, இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள என்றே பத்து நிமிடம் தின்றுவிடும்.

இந்த முப்பது நிமிடமும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். இரண்டு வண்டியில் பதினைந்து பதினைந்து நிமிடமாக உட்கார்ந்தால், ஒவ்வொன்றிலும் அந்த எட்டு போக, கைக்கு வருவது ஏழும் ஏழும்தான். அதில் வெங்காயம்கூட உரிக்க முடியாது. மாறி ஏறுவதற்குத் தனியாக அபராதம் போடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

பயணமே இல்லாமல் இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள் என்று பொருளியல் வெகுகாலம் எடுத்துக்கொண்டிருந்தது. போக்குவரத்து ஆய்வாளர் பட்ரீஷியா மொக்தாரியன் சக ஆய்வாளரோடு சேர்ந்து சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மக்களிடம் "வேலைக்குப் போக எத்தனை நிமிடம் இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி பதில் பூஜ்யமாக இல்லை, ஒரு பக்கத்துக்கு 16 நிமிடத்துக்குச் சற்று மேல். வீட்டு நினைப்பை இறக்கிவைக்கவும் வேலை நினைப்பை எடுத்துக்கொள்ளவும் ஓர் இடைவெளி வேண்டியிருக்கிறது. சென்னையில் அந்த 16 கிடைக்கிற பாக்கியம் சிலருக்கே. ஆனாலும் ஒரு மணி நேரப் பயணத்தில் எந்தப் பதினைந்து நிமிடம் உங்களுக்கு இதைச் செய்து கொடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதில் போனை எடுக்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது, கடிகாரத்துக்கே தெரியாத நிமிடங்கள். பைக்கில் போகிறவர்கள் "எனக்கு முக்கால் மணிதான்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, நல்ல நாளைச் சொல்கிறார்கள். இதைச் சரிபார்க்கப் பத்து வேலை நாள் ஒரு சின்ன நோட்டு போதும். வீட்டுக் கதவைப் பூட்டும் நேரம், ஆபீஸில் நாற்காலியில் உட்காரும் நேரம், இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். ஹெல்மெட் தேடுவது, பெட்ரோல், பார்க்கிங், லிஃப்ட் எல்லாம் அதற்குள் தானாக வந்துவிடும். மேப் காட்டும் நேரத்தில் இவை எதுவும் இல்லை. 8.30, 8.45 என்று வட்டமாக எழுதாமல் 8.33 என்றால் 8.33 என்றே எழுதுங்கள். பலர் தவறுவது இன்னோரிடத்தில்: தாமதமான நாளில் அவசரத்தில் எழுதாமல் விட்டுவிடுவார்கள். அந்த நாள்தான் கணக்குக்கு முக்கியம்.

பத்தையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். உதாரணத்துக்கு, தாம்பரத்திலிருந்து ரயிலில்: 58, 60, 61, 61, 62, 63, 64, 66, 74, 91. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலை வழியாகப் பைக்கில்: 41, 44, 45, 46, 48, 50, 55, 63, 78, 96. நடுவில் இருப்பதை எடுத்தால் ரயில் 62.5, பைக் 49. பைக் பதின்மூன்றரை நிமிடம் வேகம். ஆனால் பத்தில் ஒன்பது நாள் நேரத்துக்குப் போக வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது ஒன்பதாவது எண். ரயிலுக்கு 74, பைக்குக்கு 78. அதாவது பைக்காரர் ரயில்காரரைவிட நான்கு நிமிடம் முன்பே கிளம்ப வேண்டும். பல நாள் அவர் சீக்கிரமே போய்ச் சேருவார். அந்த அரைமணியை ஆபீஸ் வாசலில் டீக்கடையில் கழிப்பார். வேகம் அவர் கையில் நேரமாகத் தங்குவதில்லை. பஞ்சிங் மெஷின் இல்லாத வேலை, பத்து நிமிடம் முன்பின் ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றால் 49-ஐ நம்பலாம். பள்ளி, ஆஸ்பத்திரி, ஷிஃப்ட் வேலை என்றால் ஒன்பதாவது எண்தான் உங்கள் பயண நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனி நோட்டு போடுங்கள். மழைக்கால எண்களைக் கோடைக்கால எண்களோடு கலந்தால் இரண்டுக்கும் உதவாத ஒரு சராசரி வரும்.

பஸ்ஸுக்கு இதே நோட்டில் இன்னொரு பத்தி வேண்டும்: நிறுத்தத்தில் நின்ற நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம்தானே நிற்க வேண்டும்? பஸ்கள் சீராக வந்தால் அப்படித்தான். முன்னால் போகும் பஸ்ஸில் கூட்டம் ஏறி அது தாமதிக்க, பின்னால் வரும் பஸ் காலியாக ஓடிவந்து அதைப் பிடித்துவிடும். 18 நிமிட இடைவெளி ஒன்று, 2 நிமிட இடைவெளி ஒன்று என்று மாறிமாறி வரும். இருபது நிமிடத்தில் பஸ் எண்ணிக்கை அதே இரண்டுதான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நீண்ட இடைவெளிக்குள் வந்து மாட்டுவார்கள். அவர்களின் சராசரி 9 நிமிடம். எல்லோருக்குமாகப் பார்த்தால் 8.2. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுகிறோம் என்று அறிக்கையில் எழுதுவதும் உண்மை, நிறுத்தத்தில் நிற்கிற அம்மா "கால் மணி நேரமா நிக்கிறேன்" என்பதும் உண்மை. பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி காத்திருப்பைக் குறைக்காது. ஆனால் இன்னும் 12 நிமிடம் என்று தெரிந்தால் நிழலுக்குப் போகலாம், காய் வாங்கலாம். தெரியாத எட்டு நிமிடத்தைவிடத் தெரிந்த பன்னிரண்டு லேசு.

அந்த அம்மாவின் நேரத்துக்கு என்ன விலை என்ற கேள்வி இங்கே வருகிறது. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு, இலவச பஸ்ஸுக்காக இன்னொரு கால் மணி நிற்பவர்களை எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம். டீலக்ஸ் டிக்கெட் 15 ரூபாய் என்று வைத்தால், 15 நிமிடம் கொடுத்து 15 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். மணிக்கு 60 ரூபாய். பாடநூல் முறையில் பார்த்தால் "இவர் தன் நேரத்துக்குத் தரும் மதிப்பு மணிக்கு அறுபது ரூபாய்க்கும் குறைவு" என்று எழுதிவிடலாம். சம்பளத்தை வைத்துப் போடும் முறையும் இதே இடத்துக்குத்தான் வரும்: மாதம் 30,000 ரூபாய், 200 மணி நேர வேலை என்றால் மணிக்கு 150, சொந்தப் பயணத்துக்கு அதில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை, அதாவது 50 முதல் 75. வீட்டு வேலைக்குப் போய் மாதம் எட்டாயிரம் வாங்குகிறவருக்கு இதைப் போட்டால் மேம்பாலத்தில் காரில் போகிற எண்பதாயிரம் சம்பளக்காரரின் ஒரு நிமிடத்துக்கு இவருடைய பத்து நிமிடம் ஈடு என்று வரும். அப்புறம் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் மேம்பாலம்தான் லாபமாகத் தெரியும், பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை நட்டமாகத் தெரியும். அவர் காட்டுவது நேரத்தின் மதிப்பை அல்ல, பர்ஸில் இருக்கும் பணத்தை. அவருக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணிதான். வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் காத்திருக்காது. ஒருவரின் வருமானத்தைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சராசரி மதிப்பை வைத்துத் திட்டங்களைக் கணக்கிடும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருப்பது இதனால்தான். அதுவே நியாயம்.

மாறி ஏறும் பாரத்துக்கு 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. முன்பு மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஏறியவர் கோயம்பேட்டில் விழித்தார். இப்போது சுமார் 30 கிலோமீட்டருக்கு முன்பே இறக்கிவிடப்பட்டு, தூக்கக் கலக்கத்தில், ஒரு கையில் பெட்டி, மறுகையில் குழந்தை என்று மாநகரப் பேருந்தைத் தேட வேண்டும். சாலை அதே சாலை. ஓட்ட நேரம் பெரிதாகக் கூடவில்லை என்று வாதிட்டால் கடிகாரம் ஒத்துக்கொள்ளும். முனையத்துக்குள் நடை 8 நிமிடம், காத்திருப்பு 10, மாறி ஏறுவதற்கு 10 என்று போட்டால் 12 + 20 + 10, பாரத்தில் 42 கூடிவிட்டது. கெட்டுப்போன தூக்கம் இதில் சேரவில்லை. முனையம் ஊருக்கு வெளியே போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரயில் நிலையத்தை முதலில் கட்டி, முனையத்தைப் பிறகு திறந்திருக்க வேண்டும்.

தூக்கம் என்றதும் கடைசியாக ஒன்று. திருநெல்வேலி வந்தே பாரத் எழும்பூருக்கு ஏறத்தாழ 7 மணி 50 நிமிடத்தில் வருகிறது. ராத்திரி ஓடும் நெல்லை எக்ஸ்பிரஸுக்குச் சுமார் பத்தரை மணி நேரம். இருந்தும் ராத்திரி வண்டியையே விரும்புகிறவர்கள் உண்டு, காரணம் டிக்கெட் விலை மட்டும் இல்லை. வந்தே பாரத் எடுப்பது விழித்திருக்கும் பகலின் எட்டு மணி. ராத்திரி வண்டியில் விழித்திருப்பது மூன்றரை மணி. மீதி ஏழும் எப்படியும் தூங்கியிருக்க வேண்டிய நேரம். ரயில் தூக்கம் அரைகுறை, ஏழில் இரண்டு மணி வீண் என்று கழித்தாலும் நட்டம் ஐந்தரை மணிதான்.

இந்த ஐந்தரை, பெர்த் எண்ணைப் பொறுத்து மாறும். ஆர்ஏசி என்றால் சைடு லோயரில் இரண்டு பேர் காலை மடக்கி உட்கார வேண்டும். தூக்கமே இல்லை, பத்தரையும் நட்டம், அடுத்த நாளில் பாதியும் சேர்த்து. 72 பெர்த் பெட்டியில் முதல் எட்டும் கடைசி எட்டும் கதவுக்கும் கழிவறைக்கும் பக்கம். ராத்திரி முழுக்க விளக்கும் நடமாட்டமும். 25-இலிருந்து 48-க்குள் கிடைத்தால் நல்லது. எட்டால் வகுத்து மீதி 3 அல்லது 6 வந்தால் அப்பர், 2 அல்லது 5 வந்தால் மிடில். மிடில் பெர்த்தை விரிக்க விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரைதான். ஒன்பது மணிக்கே படுக்க நினைப்பவர் அப்பர் கேட்டு வாங்கட்டும். வழியில் இறங்குகிறவர்கள் அட்டவணை நேரத்துக்கு அலாரம் வைத்து, வண்டி தாமதமாக ஓடினால் வீணாக எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். ரயில்வே உதவி எண் 139-இல் இறங்கும் நிலையத்தைச் சொல்லி எழுப்பச் சொல்லும் வசதி இருக்கிறது. அதோடு, படுக்கும் முன் எதிர் பெர்த்காரர் எங்கே இறங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். உங்களுக்கு முந்தின ஸ்டேஷன் என்றால் அவர் பெட்டியை இழுக்கும் சத்தமே போதும்.